இரண்டாவது டிராயர்

கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில்
என் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
கண்ணாடியில் 'ரீசார்ஜ்' என்று ஒட்டியிருக்கும்,
அதிலும் 'ரீ' உரிந்துவிட்டது.

இரண்டாவது டிராயரை இழுத்தால் பின்கள்.
ஊசிமூக்கு, தட்டைமூக்கு,
இரு பக்கமும் கொக்கி வைத்தது,
பல்வரிசையோடு அகலமாய் ஒன்று:
அந்தக் கம்பெனி போய்விட்டது
பல் மட்டும் இங்கே கிடக்கிறது.

பொய் சொல்வானேன், அதுதான் என் சோறு.
ஒரு போனின் வாய் இன்னொன்றின் ஒயரை ஏற்காது என்று
எங்கோ ஏசி அறையில் யாரோ முடிவு கட்டியதில்
நூற்றைம்பது ரூபாய் விலை,
எனக்கு அறுபது.
எல்லாவற்றுக்கும் ஒரே வாய் என்று ஆனபோது
ஒரு மாதம் தூக்கமில்லை.
பிறகு கவர் விற்றேன்,
கீறாத கண்ணாடி என்று சொல்லிக்
கீறுகிற கண்ணாடி விற்றேன்.
ஒரு புயலுக்கு ஒன்பது நாள் கரண்ட் போனது.
ரைஸ்மில் ஜெனரேட்டரில் செருகிய ஒரே ஒயரை
முப்பது பேர் கைமாற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்து
என் தூக்கமின்மைக்கு வெட்கப்பட்டேன்.
கொஞ்சமாகத்தான்.

ஆடி பிறந்து நாலாம் நாள்
உத்திராபதி வந்தார், வடபாதியிலிருந்து.
முழங்கால்வரை காய்ந்த சேறு.
கோபமில்லை. போனை மேசையில் வைத்தார்.
வெண்ணாற்று முறை ஒருநாள் முந்திவிட்டதாம்.
லஸ்கர் பக்கிரிசாமி குழுவில் போட்டிருக்கிறார்
எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்
மடை மாற்றியிருக்கிறார்கள்.
இவர் அந்தக் குழுவில் இல்லை,
அந்தச் செயலியே இவரிடம் இல்லை.
ஆறு மா நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது.

"அதையும் இதுல ஏத்திவிடு ஜுனைதா."

ஏற்ற இடமில்லை.
ஒன்றை அழித்தால்தான் ஒன்று ஏறும்.
இருப்பதில் மகள் பேசுகிறாள், மஸ்கட்டிலிருந்து.
அவள் இருக்கும் வீட்டில்
அந்த இன்னொன்றில் பேச்சு எழுவதில்லையாம்.
எதை அழிக்க,
மகளையா தண்ணீரையா?

போன மாதம்தான்
இவர் எண்ணைக் கம்பெனி மாற்றிக் கொடுத்தேன்.
ஒரு குறுஞ்செய்தி, ஒரு கைரேகை, நாலு நாள்.
பத்து இலக்கமும் அப்படியே கூட வந்தன.
சிக்னல் சரியில்லையென்றால் கிளம்பிவிடலாம்,
பழைய கம்பெனி கெஞ்சிப் போன் செய்யும்
பாதி விலைக்குத் தருகிறேன் என்னும்.
செயலியை விட்டும் கிளம்பலாம்தான்,
யார் தடுத்தார்கள்?
ஊர் கூட வராது,
அவ்வளவுதான்.

ஆறு எல்லோருக்கும் பொது என்று
இங்கே ஒரு வரி எழுதி முடித்துவிடலாம்.
ஆனால் நான் மூணாறு தலைப்பைப் பார்த்திருக்கிறேன்.
அங்கேயும் ஷட்டர் உண்டு, பூட்டு உண்டு,
சாவி வைத்திருக்கும் ஆள் உண்டு.
ஒன்று மட்டும்:
எத்தனை அடி நிற்கிறது என்று
சுவரிலேயே கோடு போட்டிருக்கிறது.
எவரும் படிக்கலாம்.
படித்துவிட்டு
ஆபீஸ் வாசலில் நின்று சண்டை போடலாம்.

உத்திராபதி டிராயரை எட்டிப் பார்த்தார்.
"பழைய போனுக்கு ஒண்ணு மாட்டிவிட்டியே,
இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் இது,
அப்படி இதுக்கும் ஒண்ணு இருக்கும்ல?"

இல்லையென்று தெரிந்தும்
கையை விட்டுத் துழாவினேன்.
செய்ய முடியாததல்ல,
செய்ய யாருக்கும் அவசரமில்லை
என்பதை எப்படிச் சொல்ல.

சாயங்காலம் பக்கிரிசாமியைக் கூப்பிட்டேன்.
"ஒவ்வொருத்தருக்கும் தனியா அனுப்ப
எனக்கேதும்மா நேரம்?"
நியாயம்தான்.
"எனக்கு அனுப்புங்க" என்றேன்.

இப்போது ஆறு நாளைக்கு ஒருதரம்
கடையைப் பாதி இறக்கிவிட்டு உட்காருகிறேன்.
பட்டன் போன், தொடுதிரை, எந்தக் கம்பெனி சிம்மும்,
நாற்பத்துமூன்று எண்கள்.
படம் போகாது, குரல் போகாது,
பார்த்தாரா என்று நீலக்கோடு காட்டாது.
வெறும் எழுத்து, வெறும் பத்து இலக்கத்துக்கு:

முறை வியாழன் ராத்திரி.
நாலாம் ஷட்டர்.

உத்திராபதியிடமிருந்து மட்டும் பதில் வரும்,
ஆங்கில எழுத்தில், எழுத்துப்பிழையோடு,
சரி.